வெறுங்குழி என்றால் வெறுங்காணியா?

தெஹிவளைத் தூறல்

வணக்கம். நான் தொல்லியல் படித்தவள் அல்ல. கொழும்பில் ஒரு பொறியியல் ஆலோசனைக் கந்தோரில் வரைபடம் கீறுகிறேன், அவ்வளவுதான். மன்னாரில், முருங்கன் பக்கம், 10 ஹெக்டேர் காணியில் நெல் களஞ்சியமும் காயவிடும் தளமும் கட்டப் போகிறார்கள். பாதி வயல், பாதி மேட்டுநிலம். அதற்கான தொல்பொருள் தாக்க மதிப்பீட்டு அறிக்கை போன கிழமை என் மேசைக்கு வந்தது. சோதனைக் குழிகள் வெட்டிய இடங்களை எங்கள் வரைபடத்தில் ஏற்றித் தரச் சொன்னார்கள்.

ஏற்றிப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. மொத்தம் 12 குழிகள். ஒவ்வொன்றும் 20 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம். தாளில் பார்த்தால் சீவிய தலைமயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்து கிடப்பதுபோல இருக்கிறது. கூட்டினால் 240 சதுர மீற்றர். காணியோ 100,000 சதுர மீற்றர். அதாவது 0.24 சதவீதம். கடைசிப் பக்கத்தில் "சில பானையோடுகள் தவிர எதுவும் கிடைக்கவில்லை, தொல்லியல் முக்கியத்துவம் இல்லாத நிலம்" என்று முடித்திருக்கிறார்கள்.

மிச்சம் 99.76 சதவீதத்தை யார் பார்த்தது? எங்கள் பெரியவரிடம் கேட்டேன். "ரிப்போட் வந்துவிட்டது பிள்ளை, விடு" என்றார். விட முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், தங்கச்சி. எங்கள் கணக்காய்விலும் எல்லாப் பற்றுச்சீட்டையும் பார்ப்பதில்லை.

கரண்டிக்காரன்

கணக்கர் அண்ணா, பானைச் சோறு ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. அதனால் ஒரு பருக்கை மற்றதற்குச் சாட்சி சொல்லும். நிலம் அப்படி வேகுவதில்லை. ஒரு மூலையில் 200 ஆண்டுகள் ஆட்கள் இருந்திருப்பார்கள், 50 மீற்றர் தள்ளி ஆடு மட்டும்தான் மேய்ந்திருக்கும்.

நான் பம்பலப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது இங்கிலாந்தில் இதே வேலைதான் செய்கிறேன், மழையிலும் சேற்றிலும். இங்கே 1990 நவம்பரில் ஒரு திட்டமிடல் வழிகாட்டல் வந்தது. கட்டுபவர் அனுமதி கேட்கும் முன்பே நிலத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும், செலவும் அவருடையது என்ற நடைமுறை அதன் பிறகுதான் வேரூன்றியது. பிறகு 1992இல் மால்டாவின் வலெட்டா நகரில் கையெழுத்தான ஐரோப்பிய ஒப்பந்தமும் அதே பக்கம்தான் தள்ளியது.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் பழைய வரைபடம், விமானப் படம், முன்பு கிடைத்த பொருட்களின் பதிவு எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். வசதியிருந்தால், மண்ணுக்கடியில் உள்ளதைக் காந்தப்புல வேறுபாட்டால் காட்டும் காந்தமானி கொண்டு வயல் முழுக்க நடப்பார்கள். பிறகுதான் குழி. நாங்கள் வெட்டுவதைக் குழி என்பதைவிட நீள்வெட்டு என்பதுதான் சரி: 30 மீற்றர் நீளம், ஏறத்தாழ 2 மீற்றர் அகலம். பல் இல்லாத அகல வாளி பூட்டிய பெக்கோ இயந்திரம் மண்ணை மெல்லிய தோலாக உரித்துக்கொண்டு போகும், ஒருவர் பக்கத்தில் நின்று கண் எடுக்காமல் பார்ப்பார். மண்ணின் நிறம் மாறியதும் கையைக் காட்டி நிறுத்துவார். அதற்குப் பிறகு மண்வெட்டியும் சாந்தகப்பையும்தான். பழைய குழியோ வாய்க்காலோ தெரிந்தால் அதில் பாதியை மட்டும் தோண்டி, வயதையும் ஆழத்தையும் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிடுவோம். ஏனென்றால் இது அகழாய்வு அல்ல, அகழாய்வு வேண்டுமா என்று கேட்கும் வேலை.

எவ்வளவு வெட்டுவது என்பது இடத்துக்கு இடம் மாறும். 2 முதல் 5 சதவீதம்வரை சாதாரணம். 0.24 என்பது எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்

சரி, பழமொழியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 2 சதவீதம் வெட்டினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? 98 சதவீதம் அப்போதும் பார்க்காததுதானே? இரவு நித்திரை வராமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

10 மீற்றர் சதுரத்தில் ஒரு பழைய வீட்டுத்தளம் காணியில் எங்கோ புதைந்திருக்கிறது என்று வைப்போம். குழி அதன் ஓரத்தைத் தொட்டாலே போதும், அகப்பட்டுவிடும். அப்படியென்றால் 20க்கு 1 மீற்றர் குழி காவல் காப்பது 20 சதுர மீற்றரை அல்ல. வீட்டின் நடுப்புள்ளி குழியைச் சுற்றி 30க்கு 11 மீற்றருக்குள் விழுந்தாலும் மாட்டிக்கொள்ளும். 330 சதுர மீற்றர். 12 குழிக்கு 3,960. அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம். வீடு குழிக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது, குழிகளின் காவல் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

தனி வீட்டுக்குப் பதில் 30 மீற்றர் அகலத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு என்றால் அதே 12 குழிகள் 18.6 சதவீத வாய்ப்புத் தருகின்றன.

இப்போது 2 சதவீதம். 20க்கு 2 மீற்றரில் 50 குழிகளைப் பரவலாகப் போட்டால் தனி வீட்டுக்கு 18 சதவீதம், குடியிருப்புக்கு 80 சதவீதம்! அதே 2,000 சதுர மீற்றரை ஒரே பெரிய சதுரமாக ஓரிடத்தில் வெட்டினால் தனி வீட்டுக்கு 3 சதவீதம்தான். எவ்வளவு வெட்டினோம் என்பதோடு எப்படிப் பரப்பினோம் என்பதையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. 1 மீற்றர் தாழி ஒன்று தனியாகக் கிடந்தால், தங்கச்சியின் 12 குழிகளுக்கு ஏறத்தாழ அரை சதவீத வாய்ப்புத்தான்.

கரண்டிக்காரன்

அண்ணா, உங்களை வேலைக்கு எடுக்கலாம். நீள்வெட்டு வாய்க்கால், மதில், பாதை போன்ற நீளமானவற்றைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், தனித்தனிப் புதைகுழிகளை விடுவதிலும் அதே கெட்டிக்காரன். இது தெரிந்தவர்கள் "எதுவும் கிடைக்கவில்லை" என்று எழுதும்போது, எந்த அளவுள்ளது இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை.

குளக்கட்டு

பிள்ளைகள் சதவீதத்தில் நிற்கிறீர்கள். நான் நிலஅளவை வேலையில் வன்னியும் மன்னாரும் அளந்து ஓய்வு பெற்று இப்போது வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. எல்லாக் குழியும் சரியாக 1 மீற்றர் ஆழம் என்று எழுதியிருக்கிறதா, பிள்ளை? அப்படியானால் மண் சொல்லி நிறுத்தவில்லை, அளவுநாடா சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள்.

முருங்கன் மண் கறுத்தக் களி. மாரியில் செருப்பைப் பிடுங்கும், கோடையில் கை போகுமளவு வெடிக்கும். மாட்டுக்கால் அந்த வெடிப்பில் மாட்டி முறிந்ததை நான் கண்டிருக்கிறேன். மேலே கிடக்கும் ஓடு வெடிப்புக்குள் விழும், மழை வந்து களி ஊதி மூடிக்கொள்ளும், அடுத்த ஆண்டு திரும்ப வெடிக்கும். இப்படியே மண் தன்னைத்தானே புரட்டிக்கொண்டிருக்கும். அந்த மண்ணில் 60 சென்ரிமீற்றரில் ஓடு கிடைத்தால் அது பழையது என்றும் சொல்ல முடியாது, மேலே கிடைத்தது புதியது என்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று, அது கட்டுக்கரைக் குளத்துக் கீழ்ப்பிரதேசம். காலங்காலமாக வண்டல் வந்து படிந்த பள்ளங்கள் உண்டு. பள்ளத்தில் 1 மீற்றர் தோண்டி ஒன்றும் இல்லை என்றால் அண்மைக்கால வண்டலைத் தோண்டிப் பார்த்தீர்கள் என்றுதான் பொருள். குழியின் அடியில் என்ன இருந்தது? சரளையா, களியா, பாறையா? அறிக்கையில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வத்தளை வண்டி

கீழடியைப் பாருங்கள்! தென்னந்தோப்புக்குள் 2015இல் தோண்டத் தொடங்கினார்கள், ஒரு நகரமே வந்தது. நம்மவர்கள்தான் தோண்டமாட்டோம் என்கிறார்கள்.

கரண்டிக்காரன்

வண்டி, கீழடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு தோண்டவில்லை. வைகைக் கரையோரமாக ஊர் ஊராக ஆய்வு செய்து, மேட்டையும் மேற்பரப்பில் கிடந்த ஓடுகளையும் பார்த்த பிறகுதான் இடத்தைத் தெரிந்தெடுத்தார்கள். இருக்கிறது என்று சந்தேகப்படும் இடத்தில் தோண்டுவது ஒன்று. கட்டடக்காரர் காட்டிய காணியில் இருக்கிறதா இல்லையா என்று கேட்பது வேறொன்று. இரண்டாவதில் ஆராய்ச்சியாளருக்கு இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை கிடையாது.

பௌத்தாலோக பஸ்தரிப்பு

கொழும்பு 7இல் தொல்லியல் முதுகலை படிக்கிறேன், பெயர் வைத்த காரணம் அதே வீதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

இலங்கைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். 1815 மார்ச் 2க்கு முந்தியதுதான் அதன்படி தொல்பொருள், கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. 1998இல் சட்டத்தைத் திருத்தி, 2000இல் வந்த ஒழுங்குவிதிப்படி கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடு தேவை என்றானது. அக்காவின் கந்தோருக்கு அந்த அறிக்கை வந்தது இதனால்தான்.

குளக்கட்டு ஐயா கேட்டது சரியான கேள்வி. குழிகளில் இரண்டு சாதி உண்டு. அநுராதபுரம் உள்நகரில் 1989 முதல் 1994வரை தொல்லியலாளர் கொனிங்ஹாமின் குழுவினர் தோண்டியது 10 மீற்றர் சதுரத்தில் ஒரே குழி, ஆழமும் கிட்டத்தட்ட 10 மீற்றர். அங்கே ஆட்கள் இருந்தார்களா என்ற சந்தேகம் யாருக்கும் இல்லை, எப்போதிருந்து என்பதுதான் கேள்வி. அதற்குக் கிணறுபோல இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்காக விமலா பெக்லி சிறு குழிகள்தான் இறக்கினார். எங்கே, எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டால் அகலமாகப் பரவ வேண்டும். அக்காவின் அறிக்கையில் பரப்பும் போதவில்லை, ஆழமும் போதவில்லைபோலத் தெரிகிறது.

"கன்னி மண் வந்துவிட்டது", அதாவது மனிதர் தடமே இல்லாத மண் வந்துவிட்டது, என்று சரளையில் நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். இரணைமடுப் படிவு என்று சொல்லும் செம்மணலின் அடிச்சரளையில் கற்கருவிகள் உண்டு. தெற்கே பூந்தலவில் அப்படிப்பட்ட சரளைக்கு 125,000 ஆண்டு அளவில் வயது சொல்லியிருக்கிறார் தொல்லியலாளர் சிரான் தெரணியகல. ஒருவருக்குக் கன்னி மண், இன்னொருவருக்கு அதுவே வேலை தொடங்கும் இடம்.

தெஹிவளைத் தூறல்

ஐயா, பார்த்தேன். வெட்டுமுகப் படங்கள் பின்னிணைப்பில் இருக்கின்றன, நான் முதலில் புரட்டவே இல்லை, மன்னியுங்கள்.

1 முதல் 8வரை மேட்டுநிலம். அங்கே 40 முதல் 70 சென்ரிமீற்றரில் சரளை வருகிறது, எல்லாவற்றிலும் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 9, 10, 11, 12 பள்ளப்பக்கம். நான்கிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கறுத்தக் களி, அடியில் கோடே இல்லை. நீங்கள் சொன்னதுபோல அளவுநாடாதான் நிறுத்தியிருக்கிறது.

இன்னொரு விஷயம். மொத்தம் 41 ஓடுகள் என்று ஒரே எண்ணாகத்தான் எழுதியிருந்தார்கள். பின்னிணைப்பு அட்டவணையைக் குழிவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். 29 ஓடுகள் 10ஆம், 11ஆம் குழிகளிலிருந்து!

கொட்டாஞ்சேனைக் கணக்கர்

மொத்தத்தை மட்டும் காட்டி விபரத்தைப் பின்னால் ஒளிப்பது எங்கள் தொழிலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

குளக்கட்டு

அவசரப்பட்டுத் துள்ளவும் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கமக்காரர் வறண்ட காலத்தில் குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்குப் போடுவார்கள், பசளைக்கு. குளத்துக்குள் கிடந்த ஓடும் அதோடு வந்துவிடும். 29 ஓடும் அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் உருண்டதும் கலப்பை அடித்ததும் மூலை மழுங்கிச் சின்னச் சின்னதாக இருக்கும். கைப்பிடியளவு துண்டு, விளிம்பு கூராக, ஒன்றோடொன்று பொருந்துகிறது என்றால் அது தூரம் நடக்காத ஓடு. இரண்டு துண்டு பொருந்தினாலே எனக்குப் போதும்.

பௌத்தாலோக பஸ்தரிப்பு

ஓட்டின் நிறத்தையும் கேளுங்கள் அக்கா. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் பேச்சே வேறு. புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்புத் தாழிகளிலும் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டைப் புதைப்பிலும் வந்த பழங்கால வகை அது. 1980இல் ஆனைக்கோட்டை வெளியே தெரிந்ததும் மண் அள்ளியதால்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கட்டுக்கரைப் பக்கம் அகழ்ந்து சுடுமண் உருவங்கள் எடுத்ததும் உங்கள் காணிக்குத் தூர தேசம் அல்ல.

பெயர் வேண்டாம்

எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கூடக் கிளறாதீர்கள். ஏதாவது வந்தால் நாளைக்குத் தொல்பொருள் திணைக்களத்தார் எல்லைக்கல் நடுவார்கள், காணிக்காரன் தன் வயலுக்குள் போக அனுமதி கேட்க வேண்டும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று போட்டார்களே, நியமித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருந்தாரா? எங்கள் ஊரில் ஏர் முனையில் கல்லோ பானையோ பட்டால் மூடிவிட்டு மற்றப் பக்கம் உழுவார்கள். பயம் சும்மா வருவதில்லை.

தெஹிவளைத் தூறல்

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் அம்மாவும் இதையேதான் சொன்னார், "உனக்கேன் தேவையில்லாத வேலை" என்று.

பௌத்தாலோக பஸ்தரிப்பு

பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் மூடிவிட்டு உழுவதில் இருக்கும் இழப்பையும் பாருங்கள். யார் இருந்தார்கள், எப்போது இருந்தார்கள் என்று காட்டும் ஒரே சாட்சியும் போய்விடுகிறது, பிறகு யார் வந்து எந்தக் கதை சொன்னாலும் மறுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. படம், அளவு, ஆழம், மண் எல்லாம் ஒழுங்காகப் பதிந்த குழி ஒருவருடைய வாய்வார்த்தையைவிடப் பலமானது, அது யாருடைய வாயாக இருந்தாலும்.

அத்தோடு, ஏதாவது இருந்தால் திட்டம் நிற்கும் என்று கட்டாயமில்லை. காயவிடும் தளத்தை 40 மீற்றர் மேட்டுப்பக்கம் நகர்த்தலாம். அல்லது அந்த இடத்தில் அத்திவாரம் வெட்டாமல் மண் நிரப்பி உயர்த்தி மேலே தளம் போடலாம், கீழே உள்ளது அப்படியே கிடக்கும். இது வரைபடக்காரர் கையில் இருக்கும் வேலை அக்கா, பென்சில் மட்டத்தில் மாற்றினால் செலவு குறைவு. அத்திவாரம் வெட்டும்போது தாழி வந்தால்தான் உண்மையில் எல்லாம் நிற்கும்.

பெயர் வேண்டாம்

சரி. பதிவதென்றால் எங்கள் ஆட்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

கரண்டிக்காரன்

அது நியாயம். இங்கே எங்கள் குழிகளையும் மாவட்டத் தொல்லியலாளர் நேரில் வந்து பார்க்காமல் மூட முடியாது. ஒன்றும் இல்லாத குழிக்கும் தாள் நிரப்ப வேண்டும்: எத்தனை படை, ஒவ்வொன்றும் என்ன நிறம், எங்கே நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம். புதிதாக வந்தவர்கள் இதைத் தண்டனை என்று நினைப்பார்கள், நானும் நினைத்தேன்.

தங்கச்சி, தோண்டிய காலம் எது? கோடையில் காய்ந்து இறுகிய களியில் நிறவேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே சாம்பல். முகத்தைச் சீவித் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் பொறுத்தால் பழைய குழியின் வாய் கறுப்பாக மிதந்து வரும். பனை வேர் உக்கிய துளையையும் தூண்குழியையும் ஒன்றாக நினைக்காமல் பார்க்க வேண்டும், அதில் ஏமாறாதவர் யாரும் இல்லை.

தெஹிவளைத் தூறல்

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. தோண்டியது ஓகஸ்டில் என்று தெரிந்தது, தண்ணீர் தெளித்ததாக எங்கும் எழுதவில்லை. கணக்கர் அண்ணாவின் 4 சதவீதத்தை ஒரு தாளில் போட்டு, குழிவாரி ஓட்டு எண்ணிக்கையையும் சேர்த்துப் பெரியவரிடம் கொடுத்தேன். தாளை நெடுநேரம் பார்த்தார். "அத்திவாரத்தில் நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு போகும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

மாரி தொடங்கும் முன் பள்ளப்பக்கத்தில் இன்னும் 6 குழிகள் போடுவதாக முடிவு. இரண்டை அடிமண் வரும்வரை இறக்குவார்கள், ஆழம் கூடுவதால் பக்கங்களைப் படிபோலச் சரித்து வெட்டவும் ஒத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூலிக்கு எடுக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம் அவர்கள் கேட்டதும் ஓரளவு நடக்கும். ஓடுகளின் விளிம்பைப் பற்றிக் கேட்டேன், கழுவிப் பையில் போட்டிருக்கிறோம், வந்து பாருங்கள் என்றார்கள். சனிக்கிழமை போகிறேன்.

காணிக்காரருடன் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு ஓடும் தாழியும் ஒரு பொருட்டில்லை. 4ஆம் குழியைச் சரியாக மூடாமல் போனதால் கன்றுக்குட்டி ஒன்று விழுந்து கால் நொண்டுகிறதாம். இந்த முறையாவது மட்டமாக மூடுவீர்களா என்று கேட்டார். என்ன சொல்வது?

கரண்டிக்காரன்

மூடுவோம் என்று சொல்லுங்கள், ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். மேல்மண்ணைக் குழிக்கு ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவிக்கச் சொல்லுங்கள். அடிமண் முதலில் போக வேண்டும், ஓரடி போட்டு மிதித்து இறுக்கி, பிறகு அடுத்த ஓரடி. கடைசியாக மேல்மண், நிலமட்டத்துக்கு ஒரு சாண் மேலே குவித்து. முதல் மழைக்குத் தாழும்.

குளக்கட்டு

முருங்கன் களிக்கு ஒரு சாண் போதாது. ஒரு முழம் குவிக்கச் சொல்லுங்கள்.